மஞ்சள் கடுதாசிக்குப் பின்

நாணயம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று சட்டைப் பையில் குலுங்குவது. மற்றொன்று சொன்ன சொல் தவறாமை. முன்னதை இழந்தவனைக் கண்டு ஊர் இரங்கும். பின்னதை இழந்தவனைக் கண்டு ஊர் சிரிக்கும். ஆனால் முன்னது போனவுடனே பின்னதும் போய்விட்டது என்று முடிவு கட்டுவதில் ஊருக்கு ஒரு வேகம் இருக்கிறதே, அதை எங்கள் வீட்டார் ஏழெட்டு ஆண்டுகளாக அனுபவித்து வருகிறோம்.

மன்ற மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு ஆசிரியர் கேட்டபோது, காசியைப் பற்றியோ கங்கைக் கரையைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். கங்கையும் ஓரிடத்தில் வரத்தான் போகிறது. ஆயினும் நான் எழுத நினைத்தது கடனைப் பற்றி. அதிலும், கடனில் மூழ்கி எழுந்த ஒருவர் மீண்டும் கடன் பெறும் தகுதியை எப்படித் தேடிக்கொண்டார் என்பதைப் பற்றி. அவர் என் தந்தையார். எழுதலாமா என்று தொலைபேசியில் கேட்டேன். "ஊருக்கே தெரிஞ்சது, காசிக்குத் தெரிஞ்சா என்ன கண்ணு? எழுது" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் ஊர் திருப்பூர். அப்பா அங்கே பவர்டேபிள் வைத்திருந்தார். பிற மாவட்டத்து நண்பர்கள் இதை ஏதோ மேசை என்று எண்ணிவிட வேண்டாம். பனியன் கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு தையற்கூடத்திற்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று பதினான்கு மெஷின்கள். கூலிக்குத் தைத்தவரை பெரிய இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. 2015-ல் சொந்தமாகத் துணி வாங்கித் தைத்து வடநாட்டு வியாபாரிகளுக்கு அனுப்பத் தொடங்கினார். சரக்கு போகும், மூன்று மாதம் கழித்துப் பணம் வரும். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை ஆயின. ரொக்கத்தில் புரண்டுகொண்டிருந்த வியாபாரம் அப்படியே நின்றது. மறு ஆண்டு ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தது. வாங்கிய வியாபாரிகளில் ஒருவர் கடையை மூடிவிட்டார். மற்றொருவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். வரவேண்டியது 11 இலட்சம். கொடுக்கவேண்டியதோ, வங்கிக்கு 12, தனிநபர் கடனும் கிரெடிட் கார்டும் சேர்ந்து ஐந்தரை, துணிக்கடை, நூல்கடை, சாயப்பட்டறை, கைமாற்று என்று பதினொரு பேருக்கு மேலும் பதின்மூன்று இலட்சம்.

2018 மார்ச்சில் அப்பா மஞ்சள் கடுதாசி கொடுத்தார்.

நம் பக்கத்தில் இதை ஐ.பி. போட்டான் என்றும் சொல்வார்கள். இங்கே வடக்கில் திவாலா. பட்டப்பகலில் கடைக்குள் விளக்கேற்றி வைத்து, என்னிடம் இனி ஒன்றும் இல்லை என்று வணிகன் ஊருக்கு அறிவிப்பானாம். அந்த விளக்கிலிருந்து பிறந்த சொல் அது என்று இந்தி நண்பர் ஒருவர் எனக்கு விளக்கினார். சொல்லாராய்ச்சி சரியோ தவறோ, விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. விளக்கேற்றியவன் ஓடி ஒளியவில்லை அல்லவா?

மனுக் கொடுப்பதென்றால் கடனைக் கட்டாமல் கைகழுவும் தந்திரம் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய மூன்று பழைய தலைநகரங்களுக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம். மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம். 2016-ல் புதிய நொடிப்புச் சட்டம் வந்தது. ஆனால் அதில் தனியாட்களுக்கான பகுதி 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிகளின் கடனுக்குப் பிணை நின்றவர்களுக்கு மட்டுமே அமலுக்கு வந்தது. ஆகவே பனியன் தைத்தவரின் வழக்கு வெள்ளைக்காரன் காலத்துச் சட்டப்படியே நடந்தது. அந்தச் சட்டத்தில் இன்னும் அணாக்கணக்கு இருக்கிறது! நொடித்தவனுடைய சொத்து, பிணையில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணாவுக்குக் கூடத் தேறாவிட்டால், அது தன் குற்றத்தால் வந்ததன்று என்று அவன் கோர்ட்டுக்கு உணர்த்த வேண்டும். இல்லையேல் முழு விடுதலை கிடையாது. உள்ளதை எல்லாம் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். சொத்து ரிசீவர் கைக்குப் போய்விடும். உடுதுணி, சமையற்பாத்திரம், படுக்கை, கைத்தொழிற் கருவி இவற்றைத் தொடமாட்டார்கள். அம்மாவின் தையல் மெஷின் அப்படித்தான் தப்பியது. ஈட்டில் இருந்த பதினான்கு மெஷின்களையும் வங்கி எடுத்துக்கொண்டது. ஊத்துக்குளிச் சாலையில் இருந்த இரண்டரை சென்ட் மனை ஏலத்திற்குப் போயிற்று.

கடன் கொடுத்தவர்கள் பெயர்ப் பட்டியலோடு நோட்டீஸ் நாளிதழில் வந்த அன்று, அப்பா முடிவெட்டிக்கொள்ளப் போன கடையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்களாம். அதன் பிறகு வெகுநாள் வரை வீட்டிலேயே அம்மா கையால்தான் முடிவெட்டு. அதை விவரிக்க நான் விரும்பவில்லை. 2021 இறுதியில், கொரோனாத் தாமதமெல்லாம் கழிந்து, கோர்ட்டு அவரை விடுவித்தது.

விடுதலை பெற்ற அன்று அப்பா ஒரு சபதம் செய்தார்: இனி ஒரு தீப்பெட்டி கூடக் கடனில் வாங்குவதில்லை. ஒரு கம்பெனியில் செக்கிங் மேற்பார்வை வேலை, மாதச் சம்பளம், கையில் இருந்தால் செலவு, இல்லாவிட்டால் இல்லை. ஊராரும் இதைக் கேட்டுத் தலையசைத்தார்கள். ஒழுக்கம் என்றால் இதுவன்றோ என்று எனக்கும் தோன்றியது.

2022-ல் என் தங்கைக்கு ஒரு தனியார் கல்லூரியில் இயன்முறை மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்தது. கல்விக் கடன் கேட்டோம். நான்கு இலட்சம் வரை ஈடு கேட்பதில்லை. ஆனால் பெற்றோரில் ஒருவர் கூட்டுக் கடனாளியாகக் கையொப்பமிட வேண்டும். கிளை அதிகாரி அப்பாவின் எண்ணைத் தட்டிப் பார்த்தார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். 541.

சிபில் என்பது 2000-ல் தோன்றிய ஒரு கம்பெனி. அதுபோல் மொத்தம் நான்கு கம்பெனிகள், 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், நாட்டில் யார் யார் எந்தக் கடனை எப்படிக் கட்டுகிறார்கள் என்ற கணக்கை வைத்திருக்கின்றன. 300 முதல் 900 வரை மதிப்பெண். இன்ன எண்ணுக்குக் கீழே கொடுக்காதே என்று ரிசர்வ் வங்கி விதித்ததில்லை. ஒவ்வொரு வங்கியும் தானே ஒரு கோடு போட்டுக்கொள்கிறது. எங்களுக்கு அந்தக் கோடு எட்டாத உயரத்தில் இருந்தது. தங்கை அரசு கலைக் கல்லூரியில் கணிதம் சேர்ந்தாள். அவள் அழவில்லை. அப்பாதான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அந்த ஆண்டுதான் நான் முதுகலைக்காகக் காசிக்கு வந்தேன். வந்த புதிதில் பாடப் புத்தகங்களை விட அப்பாவின் கடன் அறிக்கையைத்தான் அதிகம் படித்தேன் என்றால் மிகையன்று. நான்கு கம்பெனிகளும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017 முதல் இது விதி. அதைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று விளங்கிற்று. அதில் அப்பாவின் சம்பளம் இல்லை, சேமிப்பு இல்லை, தீப்பெட்டிச் சபதம் இல்லை, கோர்ட்டு விடுவித்த செய்தியும் இல்லை. 36 மாதக் கட்டங்கள் மட்டும் இருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் தவணை எத்தனை நாள் தவறியது என்ற எண். 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். கடைசியில், கணக்கை வங்கி தள்ளுபடி செய்து எழுதிவிட்டது என்ற குறிப்பு. அதன் பக்கத்தில் பாக்கித் தொகை. 2021-க்குப் பிறகு ஒன்றுமே இல்லை. வெறுமை. ஒருவன் திருந்திவிட்டான் என்பதற்கும் செத்துவிட்டான் என்பதற்கும் அந்தத் தாளில் வேற்றுமையே தெரியாது.

ஆக, கடனே வாங்காமல் இருந்தால் எண் ஏறாது. ஏற வேண்டுமானால் மறுபடி கடன் வாங்க வேண்டும். வாங்கி, குறித்த நாளில் கட்ட வேண்டும். அதுவும் மாதாமாதம், யாராவது அதைக் கணக்குப் புத்தகத்தில் எழுதும்படியாக. இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு வந்த கோபத்தை இன்னும் மறக்கவில்லை.

"குடிச்சுக் கெட்டவன் மறுக்காக் குடிச்சுக் காட்டுனாத்தான் யோக்கியனா? என்ன கண்ணு நியாயம் இது?"

"குடிச்சுக் காட்டச் சொல்லலீங்கப்பா. கடைக்குள்ள போயிட்டுக் குடிக்காம வரச் சொல்றாங்க."

பதில் இல்லை. பத்து நாள் கழித்து அம்மா கூப்பிட்டார்கள். "அந்தக் கார்டு விஷயம் என்னன்னு உங்கப்பாவுக்கு இன்னொருக்காச் சொல்லு சாமி. கேட்கோணும்னு இருக்குது, கேட்கமாட்டேங்கறாரு."

வங்கியில் ஒரு தொகையை நிரந்தர வைப்பாகப் போட்டால், அதன் பேரில் கிரெடிட் கார்டு தருவார்கள். வைப்புத் தொகையே ஈடு. ஆகவே பழைய எண்ணை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அப்பா 20,000 ரூபாய் போட்டார். 18,000 ரூபாய் வரம்புள்ள கார்டு வந்தது. அதில் மாதம் இரண்டே செலவு: கைபேசிக் கட்டணம், டி.வி.எஸ். மொபெட்டுக்குப் பெட்ரோல். பில் வந்த மறுநாளே முழுத் தொகையும் கட்டிவிடுவார். குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும் என்று பில்லில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, "இங்கதான் தூண்டில் போட்டிருக்கான்" என்றார். ஒரு முறை நொடித்தவருக்கு இதெல்லாம் உடனே தெரிகிறது.

அறிக்கையைத் துடைக்கும் வேலை என்னுடையது. அதில் ஒரு மோட்டார் சைக்கிள் கடன் இருந்தது. அப்பா வாழ்நாளில் மோட்டார் சைக்கிள் வாங்கியதில்லை. அவர் பெயர் எங்கள் வட்டாரத்தில் தெருவுக்கு மூவருக்கு இருக்கும். எவரோ ஒருவருடைய பாவம் இவர் கணக்கில் ஏறியிருந்தது. முறையீடு எழுதினேன். கடன் தகவல் கம்பெனி தானாக எதையும் அழிக்காது. கடன் கொடுத்த நிறுவனம் ஆம் என்று சொன்ன பிறகே திருத்தும். மூன்று மாதம் இழுத்தது. 2024 ஏப்ரல் 26 முதல், 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று விதி வந்திருக்கிறது. எங்களுக்கு அது வாய்க்கவில்லை. தள்ளுபடி என்று எழுதப்பட்ட கணக்குகளுக்கு, கோர்ட்டு உத்தரவின் நகலை இணைத்து வங்கிக்குப் பதிவுத் தபால் அனுப்பினோம். மூன்றாவது தபாலுக்குப் பிறகு பாக்கித் தொகை சுழியாக மாறியது. குறிப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. உண்மையை அழிக்கச் சொல்லிக் கேட்கவும் முடியாது. சிபிலைச் சரிசெய்து தருகிறோம் என்று பல்லடம் சாலையில் கூடப் பலகை தொங்குகிறது. பத்தாயிரம், பதினையாயிரம் கேட்கிறார்கள். நான் தபால் தலை ஒட்டிச் செய்ததற்கு மேல் அவர்களால் செய்யக் கூடியது ஒன்றும் இல்லை.

எண் ஏறியது, ஆனால் படிக்கட்டு போல் அன்று. 2023 இறுதியில் 604. மறு ஆண்டு அம்மாவுக்கு மருத்துவச் செலவு வந்தபோது கார்டில் 16,000 ரூபாய் எடுத்து, கெடுவுக்கு முன்பே முழுவதும் கட்டினார். ஆயினும் எண் பதினொன்று இறங்கியது. வரம்பை ஒட்டிச் செலவழித்தால் ஆள் நெருக்கடியில் இருக்கிறான் என்று அந்தக் கணக்கு எண்ணுகிறது. மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்பது நல்லது என்பார்கள். அப்பாவுக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. கட்டிய பணத்திற்கும் தண்டனையா என்றார். பின்பு வளையலை வைத்து 40,000 ரூபாய் நகைக் கடன் வாங்கி ஓராண்டில் முடித்தார். 2025 தொடக்கத்தில் 688.

இடையே 2023 டிசம்பரில் அப்பா காசிக்கு வந்தார். நண்பர்கள் சிலருக்கு நினைவிருக்கும். அனுமன் கட்டத்துப் பக்கம் நல்ல தோசை எங்கே கிடைக்கும் என்று விடுதி முழுவதும் விசாரித்தவர் அவர்தான். கேதார கட்டத்திலிருந்து படித்துறை வழியே நடந்தோம். சற்றுத் தள்ளி அரிச்சந்திர கட்டம். சிதைகள் எரிந்துகொண்டிருந்தன. அப்பா சிறுவயதில் விடிய விடிய அரிச்சந்திரன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர். அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"பொண்டாட்டி புள்ளையையே வித்துக் கடனைக் கட்டுனவரு இங்கதான் வெட்டியான் வேலை பார்த்தாரு. நான் கோர்ட்டுல கையெழுத்துப் போட்டுத் தப்பிச்சுட்டேன் கண்ணு."

"அந்தக் காலத்துல சப்கோர்ட்டு இருந்திருந்தா அவரும் மனுக் கொடுத்திருப்பாருங்கப்பா. சந்திரமதியாவது மிஞ்சியிருப்பாங்க."

ஒரு நொடி என்னை முறைத்தார். பிறகு சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். மயானத்தில் சிரிக்கலாமா என்று நானே அவர் கையைப் பிடித்து எழுப்ப வேண்டியதாயிற்று.

இங்கே நம் மாணவர்களுக்குச் சில சொல்லத் தோன்றுகிறது. கல்விக் கடனில் முதற்பெயர் நம்முடையது; நாம் தவறினால் நம் எண்ணும் இறங்கும், கூட்டுக் கடனாளியான தாய் தந்தையரின் எண்ணும் இறங்கும். இரவு பதினொரு மணிக்குப் பிரியாணி வரவழைத்து, பணம் பிறகு தருகிறேன் என்ற பொத்தானை அழுத்துகிறோமே, அதுவும் கடனாகவே பதிவாகக் கூடும். நண்பனுக்குப் பிணை நின்றால் அவன் கடனும் நம் அறிக்கையில் வரும். 2023-ல் கேரள உயர் நீதிமன்றம், மாணவனின் எண் குறைவாக இருப்பதை மட்டும் காட்டிக் கல்விக் கடனை மறுக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தேர்ந்தெடுத்த கல்வி நிலையங்களில் சேர்வோருக்கு ஈடும் பிணையும் இன்றிக் கடன். கிளையில் இவற்றை எடுத்துச் சொல்லத் தயங்க வேண்டாம். 2022-ல் எங்களுக்கு எடுத்துச் சொல்ல எவரும் இல்லை.

2025 ஜூனில் தங்கை எம்.சி.ஏ. சேர்ந்தாள். அப்போது அப்பாவின் எண் 719. வேறொரு வங்கி, வேறோர் அதிகாரி. 3,20,000 ரூபாய்க்கு அனுமதி கிடைத்தது. கையொப்பமிடும் முன் அப்பா பதினேழு பக்கங்களையும் படித்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்ற சொற்றொடருக்கு அதிகாரியிடம் இரண்டு முறை விளக்கம் கேட்டார். பின்பு தங்கையையும் முழுவதும் படிக்க வைத்தார். அதிகாரி உணவுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டார்.

இவ்வளவும் அந்த அறிக்கையில் பதிவாகியிருக்கும் கதை. பதிவாகாத கதை ஒன்று உண்டு. கோர்ட்டு விடுவித்த பின், துணிக்கடைக்காரர் முதல் கைமாற்றுக் கொடுத்த அத்தை வரை, அந்தப் பதினொரு பேருக்கும் அப்பா சட்டப்படி ஒரு காசு தர வேண்டியதில்லை. வழக்கு நடக்கும்போதே இரண்டொருவருக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாராம். ஒருவருக்குக் கொடுத்து மற்றவரை விட்டால் வழக்கே கெடும் என்று வக்கீல் தடுத்துவிட்டார். விடுதலையான மறுமாதமே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிப் பதினொரு பெயரையும் எழுதினார். பெரிய கம்பெனிக்காரர் கடைசியில், சிறியவர்கள் முதலில். மாதம் ஆயிரம், முடிந்தால் இரண்டாயிரம். முதன்முதலில் பணம் கொண்டுபோனபோது சாயப்பட்டறைக்காரர் வாங்க மறுத்து, "இதெல்லாம் முடிஞ்சுபோச்சுங்களே" என்றாராம். அப்பா மேசை மேல் வைத்துவிட்டு வந்தார். இப்போது அந்தப் பட்டறைக்காரர் தம் மகளின் திருமணப் பத்திரிகையை நேரில் வந்து கொடுத்திருக்கிறார்.

கைபேசிக்கு 239 ரூபாய் கட்டியதை இந்தியா முழுவதும் நான்கு கம்பெனிகள் குறித்து வைத்துக்கொள்கின்றன. இந்த ஆயிரத்தைக் குறித்து வைப்பது அந்த நாற்பது பக்க நோட்டு மட்டும். நான் விடுமுறைக்கு ஊர் சென்றால் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். நான்கு பெயர்கள் மேல் கோடு விழுந்திருக்கிறது. ஐந்தாவது நூல்கடைக்காரர், அவருக்கு இன்னும் 23,500 பாக்கி.